நாற்பத்தோராவது ஊசி

தேவராஜ மொஹல்லா, மைசூர்
14-1-1962

மாப்பிள்ளை பழனிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து சென்னிமலை எழுதுவது.

பொங்கலன்று கட்டிலில் படுத்துக்கொண்டு கடிதம் எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஆளை என் புளி மண்டிப் படியிலிருந்து இறக்கிவிட்டிருப்பேன். என் இடது கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். தலைக்கு மேலே கண்ணாடிப் புட்டி, அதிலிருந்து சிவப்பு ரப்பர் குழாய், குழாய் நுனியில் ஊசி. ஊசி என் நரம்புக்குள். பதினோரு நாளாகிறது, இன்னும் நாலரை வாரம் இப்படியேதானாம். திரும்பிப் படுக்க வேண்டுமென்றாலும் நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

தங்கச்சி தேவம்மா உங்களுக்கு என்ன சொல்லியனுப்பினாளோ, டாக்டர் சொன்னதை நானே எழுதிவிடுகிறேன். சின்ன வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து என் இருதயத்தில் ஒரு கதவு சரியாக மூடாமல் போனது உங்களுக்குத் தெரியும். அந்தக் கதவில் இப்போது கிருமி குடியேறிவிட்டது. ஐப்பசியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேனே, அந்தப் புண் வழியாக ரத்தத்துக்குள் நுழைந்திருக்கும் என்கிறார். டாக்டர் பெயர் கேசவமூர்த்தி. மேல்கோட்டைக்காரர். வீட்டில் பேசுகிற பழைய தமிழோடு கன்னடத்தையும் கலந்து பேசுவார்.

"உமக்கு இருதயக் கோளாறு இருக்கே, பல் பிடுங்கறதுக்கு முன்னே பென்சிலின் போட்டுக்கலையோ?" என்று கேட்டார்.

"போடாமயா? என் தங்கச்சி மாப்பிள்ளையே கம்பவுண்டருங்க. அன்னிக்குக் காலையில அவரு கையால போட்டுட்டுத்தானுங்க கொள்ளேகாலுக்குப் பல்லு டாக்டர்கிட்டப் போனேன். அதையும் சேத்து அவருகிட்ட நாப்பத்தோரு ஊசி போட்டிருக்கறனுங்க" என்றேன்.

மனிதர் சிரித்துவிட்டார். "எண்ணிண்டே வந்தீரா?" என்றார். மூட்டை எண்ணியே ஆளானவனுக்கு ஊசி எண்ண வராதா?

நான் உங்கள் ஊர் கௌதள்ளிக்குப் புளி எடுக்க வரும்போதெல்லாம் தொண்டை கரகரத்தால் ஒன்று, முட்டி வலித்தால் ஒன்று. உங்கள் தோல் பையின் வார் அவிழ்கிற சத்தம் கேட்டாலே எனக்குப் பாதி நோவு போய்விடும். சுள்ளென்று இறங்குமே! வலித்தால்தான் சரக்கு நயம் என்று உங்களிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

இங்கே வலி இல்லை, நெடிதான். ஒரு நாளைக்கு இரண்டு கோடி யூனிட் ஏற்றுகிறார்கள். மழையில் நனைந்த சாக்கைப் பிரித்தால் குப்பென்று ஒரு பூஞ்சை வாடை வரும் பாருங்கள், அதே வாடை. இந்த மருந்தே பூஞ்சையிலிருந்து எடுப்பதாம். முப்பது வருஷமாகப் பூஞ்சையை மண்டிக்குள் விடாமல் காவல் காத்தவனுக்கு இப்போது அதையே நரம்பில் விடுகிறார்கள்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. தேவம்மா மண்டிக்கு மேல் வீட்டிலிருந்து இரண்டு வேளையும் சோறு கொண்டுவருகிறாள். ஒரு காரியம் செய்யுங்கள். அந்த நாற்பத்தோரு ஊசியும் என்றைக்கு, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். டாக்டர் கேட்கிறார்.

சென்னிமலை


கௌதள்ளி
18-1-1962

மரியாதைக்குரிய மச்சானுக்கு, பழனி வணங்கி எழுதிக்கொண்டது.

தங்கள் கடிதம் கிடைத்தது. காய்ச்சல் இறங்கியது அறிந்து மனம் ஆறியது. பெரிய டாக்டர் கையில் இருக்கிறீர்கள், இனிக் கவலையில்லை.

தாங்கள் கேட்ட விவரம் எழுதி வைத்திருந்த நோட்டைக் கரையான் அரித்துவிட்டது. எல்லாம் வழக்கமான அளவுதான். இதையெல்லாம் சொல்லி டாக்டரைத் தாங்கள் சிரமப்படுத்த வேண்டாம். சின்ன ஊசிகள். அங்கே நடக்கும் பெரிய வைத்தியத்துக்கு இந்த விவரம் எதற்கு உதவப் போகிறது?

வந்து பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் டிஸ்பென்சரியை மூட முடியவில்லை. லிங்கம்மாவுக்கு மாத ஊசி போடும் நாளும் வருகிறது. தாங்கள் பார்த்திருப்பீர்கள், தங்களைப் போலவே மூட்டுக்காய்ச்சலில் இருதயம் கெட்ட பெண், பத்தொன்பது வயது. மாதம் தவறாமல் போடச் சொல்லிக் கொள்ளேகால் டாக்டரின் சீட்டு.

தேவம்மாளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

தங்கள்
பழனி


மைசூர்
25-1-1962

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் பதில் எழுதுங்கள். கரையான் கதை வேண்டாம்.

போன சனிக்கிழமை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டியது. நகம் வெளுத்து, கண் மஞ்சளாகிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பதினொன்றாக இருந்த ரத்த அளவு எட்டாகி, பிறகு ஆறாகிவிட்டது. எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. உள்ளேயே கரைகிறது. பெங்களூருக்குச் சாம்பிள் அனுப்பிப் பதில் வாங்கினார் டாக்டர். வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்:

"மருந்து போய்ச் சிவப்பு அணு மேலே அப்பிக்கறது. உடம்பு அந்த மருந்தை எதிரின்னு எண்ணிண்டு ஒரு எதிர்ப்புப் பொருளை உண்டு பண்றது. அது மருந்தை அடிக்கறப்போ, அதைச் சுமந்துண்டிருக்கிற அணுவும் சேர்ந்து சாகறது."

கொள்ளேகால் மைசூரோடு சேருவதற்கு முன் எல்லைச் சாவடியில் நடந்தது நினைவிருக்கிறதா? வண்டியில் ஒரே ஒரு மூட்டை தடைச் சரக்கு இருந்தாலும் வண்டி, மாடு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வான். அந்தச் சாவடி இப்போது என் உடம்புக்குள் இருக்கிறது. பாரம் ஏற்றியவன் டாக்டர். மாட்டிக்கொண்டது என் ரத்தம்.

செவ்வாயன்று மருந்தை நிறுத்திவிட்டார்கள். புட்டியில் இப்போது உங்கள் சம்சாரத்தின் ரத்தம். அவளுடையதுதான் எனக்குச் சேர்ந்தது. "எடுத்துக்குங்ண்ணா, நான் என்ன தேஞ்சா போயிருவேன்" என்று கையை நீட்டிவிட்டுப் போய் அடுப்பு மூட்டினாளாம்.

இப்போது நான் இருக்கிற இடத்தைப் பாருங்கள். மருந்தை விட்டால் கிருமி கதவைத் தின்னும். மருந்தைப் பிடித்தால் ரத்தம் கரையும். இரண்டு பக்கமும் சுவர். நடுவில் கட்டில்.

டாக்டர் ஒரு வழி வைத்திருக்கிறார். அது உங்களை நம்பி இருக்கிறது. "நீர்தான் நாப்பத்தொண்ணு போட்டுண்டவராச்சே. சின்ன அளவு உம்ம உடம்புக்கு ஒத்துண்டிருக்கு. ஆக மருந்து கோளாறில்லே, அளவுதான் கோளாறு. ஸ்வல்ப நாள் விட்டு, முப்பத்தொண்ணாம் தேதி புதன்கிழமை காலமே சின்ன அளவிலே மறுபடி ஆரம்பிக்கறேன்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "ஒண்ணுதான் புரியலை. நாப்பது தடவை பார்த்த சரக்குன்னா உம்ம உடம்பு முதல் வாரமே எகிறியிருக்கணும். மூணாவது வாரம் வரைக்கும் ஏன் காத்துண்டிருந்தது? என்னமோ முதல் முதலாப் பார்க்கற மாதிரி?"

அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். ஊசியில் இருந்தது என்ன சரக்கு, எவ்வளவு? அதை மட்டும் எழுதுங்கள்.

சென்னிமலை


கௌதள்ளி
27-1-1962

மச்சானுக்கு,

தங்கள் கடிதம் கண்டு கலங்கிப் போனேன். தேவம்மாள் ரத்தம் கொடுத்தது சரியே. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

சின்ன அளவு என்றாலும் அவசரப்பட வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லவும். வேறு மருந்து ஏதாவது இருக்குமே, அதைக் கொடுக்கக் கூடாதா? நான் போட்டதெல்லாம் வழக்கமாக எல்லோருக்கும் போடுவதுதான். அதற்கு மேல் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

பழனி


மைசூர்
29-1-1962, திங்கள்

மாப்பிள்ளைக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. கௌதள்ளி பஸ் கண்டக்டர் உங்கள் கையிலேயே கொடுப்பார்.

இன்று காலை காய்ச்சல் திரும்பிவிட்டது. ஆறு நாள் மருந்தில்லாமல் இருந்ததில் கிருமிக்குத் தெம்பு. பல் கிடுகிடுக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

உங்கள் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். சரக்கு நயமாக இருக்கிறவன் "வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லமாட்டான். நீங்கள் சொல்கிறீர்கள்.

இங்கே நர்ஸ் என் பக்கத்து மேஜையில் வைத்துத்தான் மருந்து கரைப்பாள். ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி உருவும்போதே பூஞ்சை வாடை மூக்கில் ஏறும். நான் மூக்கை வைத்துப் பிழைத்தவன். புளி மூட்டையை வெளியே முகர்ந்து உள்ளே ஈரம் எவ்வளவு என்று சொல்வேன். உங்கள் மேஜைக்கு எதிரில் ஒரு முழத் தூரத்தில் நாற்பத்தோரு தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த வாடை வந்ததில்லை. ஸ்பிரிட் வாடை மட்டும்தான்.

அந்த நர்ஸிடமே கேட்டேன், "ஏம்மா, ஊசியில எது ரொம்ப வலிக்கும்?" என்று. அவள் விளையாட்டாகச் சொன்னாள்: "பரீ டிஸ்டில் வாட்டர் போட்டுப் பாருங்க யஜமானரே. மருந்தில்லாத வெறும் தண்ணிதான் எல்லாத்தையும்விடச் சுள்ளுன்னு எரியும்."

நாற்பத்தோரு தடவை எரிந்தது. அதை நயம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தங்கச்சி புருஷனை நேருக்கு நேர் கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் சுற்றி வளைத்தேன். இனிக் கேட்கிறேன். அது மருந்தா, தண்ணீரா?

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடி குழாயை மாட்டுகிறார்கள், அந்த நாற்பத்தொன்றை நம்பி. செவ்வாய் சாயங்காலப் பஸ்ஸில் பதில் வர வேண்டும். தேவம்மா எதிரில்தான் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குகிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று இன்றுதான் சந்தோஷப்பட்டேன்.

சென்னிமலை


கௌதள்ளி
30-1-1962

மச்சான்,

தண்ணீர்.

கண்டக்டர் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார். அடித்துத் திருத்தி எழுத நேரமில்லை.

1956-இல் வண்டிக்காரர் சந்திரன் என்று ஒருவர் காலில் புண்ணோடு வந்தார். இருபத்தாறு வயது. பென்சிலின் போட்டேன். ஊசியை உருவிப் பஞ்சை வைத்துத் தேய்ப்பதற்குள் உதடு வீங்கியது. "மூச்சு முட்டுதுங்க" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெஞ்சை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை. காலில் குத்தியது விஷமுள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு அந்த மருந்தை யார் உடம்பிலும் ஏற்ற என் கை வரவில்லை. ஆனால் வருகிறவர்கள் ஊசி இல்லாமல் போகமாட்டார்கள். தாங்களும்தான். புட்டி நிஜம், மூடி நிஜம், லேபிள் நிஜம். உள்ளே காய்ச்சி வடித்த தண்ணீர். நிஜமாகவே மருந்து வேண்டியவர்களைக் கொள்ளேகாலுக்கு அனுப்பிவிடுவேன். தொண்டைக் கரகரப்பெல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. கை ராசி என்று எனக்குப் பெயர் வந்தது. அதை விட்டு இறங்க வழி தெரியவில்லை.

நாற்பது தடவையும் தங்களைக் காப்பாற்றுவதாகவே நினைத்தேன். தேவம்மாளின் அண்ணன். என் பெஞ்சில் தங்களுக்கு அப்படி ஆனால் நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்?

நாற்பத்தோராவது தடவைதான் நிஜமாகவே மருந்து வேண்டியிருந்தது. எனக்குத் தெரியும், மச்சான். தெரியாமல் செய்யவில்லை. அன்று நல்ல புட்டியை உடைத்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக் கையில் பிடித்துவிட்டேன். மிளகாய் விலையைப் பற்றித் தாங்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தீர்கள். சந்திரனும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி நின்று அதைத் தொட்டியில் கொட்டிவிட்டுத் தண்ணீரை ஏற்றினேன். ஜன்னல் திறந்திருந்தது. வாடை அதன் வழியாகப் போயிருக்கும்.

தங்கள் உடம்பு அந்த மருந்தை முதல் முதலாகப் பார்க்கிறது. டாக்டர் சொன்னது சரி. சின்ன அளவு ஒத்துக்கொள்ளுமா என்று யாருக்கும் தெரியாது. புதன்கிழமை போட விடாதீர்கள். என் பெயரைச் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

பழனி


மைசூர்
2-2-1962

மாப்பிள்ளைக்கு,

இதையும் கண்டக்டரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தது. புதன்கிழமை டாக்டர் குழாயைக் கையில் எடுக்கும்போது சொன்னேன்.

"டாக்டரய்யா, நான் பொய் சொல்லிட்டனுங்க. எனக்கு ஊசின்னா பயம். ஒரு தடவைகூடப் போட்டுக்கிட்டதில்லை. கவுரவத்துக்கு நாப்பத்தொண்ணுன்னு அளந்துட்டேன்."

அவர் முகம் சிவந்து நான் பார்த்ததில்லை. "உம்ம வாயை நம்பி இன்னிக்கு ஏத்தியிருப்பேனே! இப்போ சின்ன அளவு உமக்குத் தாங்கும்னு எனக்கு யார் சாட்சி? இது மண்டி பேரமா ஓய்?" என்று எல்லோரும் கேட்கும்படி திட்டினார். தலையைக் குனிந்துகொண்டேன். வியாபாரத்தில் நுழைந்த நாளிலிருந்து பொய்யன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. அன்று வார்டே சொன்னது.

பென்சிலினை முழுதாக விட்டுவிட்டார். வேறு இரண்டு மருந்து. அந்த அளவுக்கு உறைப்பு இல்லையாம், கிருமியைக் கொல்லுமா என்று உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார். அதில் ஒன்று காதைக் கெடுக்கலாம். இப்போதே வலது காதில் ஒரு சில்வண்டு உட்கார்ந்து இரைகிறது.

உங்கள் பெயரை நான் சொல்லாததற்குக் காரணம் தேவம்மா. அவள் ரத்தம் என் உடம்பில் ஓடுகிறது. அதைக் கொடுத்தவளின் வீட்டை எப்படி இடிப்பேன்? மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பயந்தவன் மேல் எனக்குக் கோபமில்லை. பயந்தவன் கடையைத் திறந்து வைத்திருந்தானே, அதற்குத்தான் கோபம்.

ஒன்று கேட்கிறேன். லிங்கம்மாவுக்கு?

நீங்கள் பதில் எழுத வேண்டாம். அதுவும் தண்ணீர்தான் என்று எனக்குத் தெரிகிறது. உடம்பில் மருந்து ஏறுகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் மூடாத கதவு. நாளைக்கே முதல் பஸ்ஸில் அவளைக் கொள்ளேகாலுக்குக் கூட்டிப் போங்கள். இத்தனை நாள் அவளுக்கு மருந்து போகவில்லை என்பதை அந்த டாக்டரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர் போடுகிற ஊசியைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கண்ணை மூடாதீர்கள்.

செய்யவில்லை என்றால் இதே கடிதக் கட்டை தேவம்மாவிடம் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்வேன்.

சென்னிமலை


கௌதள்ளி
6-2-1962

மச்சானுக்கு,

சனிக்கிழமை போனோம். லிங்கம்மாவும் அவள் மாமியாரும் நானும்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. முதலில் தோலில் துளி மருந்து வைத்துப் பார்த்தார். தடிக்கவில்லை. பிறகு போட்டார். மூச்சு முட்டினால் உடனே போட, பக்கத்தில் வேறொரு மருந்தைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். சந்திரன் செத்த அன்று அந்த மருந்து என் மேஜையில் இல்லை, இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அரை மணி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏனுங்க கம்பவுண்டரே, உங்க ஊசி மாதிரி இது எரியவே இல்லீங்களே, நல்ல மருந்துதானுங்களா?" என்று கேட்டாள். நல்ல மருந்து என்று சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் மூன்று இட்லி தின்றாள்.

வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஒன்பது வீடு ஆயிற்று. இரண்டு வீட்டில் நம்பவில்லை, ஊசி போடச் சொல்லிக் கையை நீட்டினார்கள். ஒரு வீட்டில் காறித் துப்பினார்கள். சந்திரனின் அப்பா வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். நாளைக்கு மறுபடி போவேன்.

தேவம்மாளிடம் நானே சொல்ல வேண்டும். அதற்கு முன் வேறு யாரும் சொல்லிவிட வேண்டாம். இது ஒன்றுதான் நான் கேட்பது.

பழனி


மைசூர்
10-2-1962

மாப்பிள்ளைக்கு,

காய்ச்சல் மூன்று நாளாக நூறைத் தாண்டவில்லை. ரத்தம் எட்டில் நிற்கிறது, கரைவது நின்றுவிட்டது. கதவு எவ்வளவு மிச்சம் என்று இப்போது சொல்ல முடியாதாம். ஆறு வாரத்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தத் தடவை பலகை இல்லை. இடுப்பில் மாற்றி மாற்றி ஊசி. பலகைக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள் என்றுதான் பேர். எழுந்து ஜன்னல்வரை போக எனக்கு அனுமதி இல்லை. மார்க்கெட் பக்கமிருந்து வண்டிச் சத்தம் இடது காதில் மட்டும் கேட்கிறது.

நேற்று தேவம்மா சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டே சொன்னாள்: "ஏனுங்ண்ணா, இந்த நர்ஸம்மா போடுறதுல உங்களுக்கு இடுப்பெல்லாம் கட்டிக்கிச்சு. அவரு கை ராசியான கையுங்க. அவரை வரச்சொல்லி எழுதுங்க. அவரே போட்டாருன்னா சீக்கிரம் எழுந்து உக்காந்துருவீங்க."

மெல்லுவதை நிறுத்திவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கசக்குதா?" என்றாள். இல்லை என்றேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் கை மடிப்பில் ரத்தம் எடுத்த இடம் இன்னும் கன்றிப்போயிருந்தது. அது உங்கள் சுமை. உங்களுக்கென்று விட்டுவைத்தேன்.

"எழுதியாச்சா?" என்று இன்று காலையிலும் கேட்டாள். எழுதுகிறேன் என்றேன். அந்தக் கடிதம்தான் இது.

வாருங்கள், மாப்பிள்ளை. சந்திரனின் அப்பாவைப் பார்த்துவிட்டு வாருங்கள். முன்வாசல் வழியாகவே வாருங்கள், அவள் பகலெல்லாம் இங்கேதான் இருக்கிறாள். ஊசிப் பையை மட்டும் கொண்டுவர வேண்டாம்.

சென்னிமலை